அக்கா வைத்திருந்த வாக்கியம்

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் கம்பெனி வேன் ஆமத்தூருக்குப் பிரியும் விலக்கில் நின்றது. டிரைவர் வழக்கமாக அடிக்கும் ஹாரனை அடிக்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “செல்வராணியக்கா ராத்திரி தவறிட்டாக.” மஞ்சள்காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தேறி வந்துவிடுவார் என்றே நம்பியிருந்தோம். அவருடைய ஜன்னலோர சீட்டில் அன்று ஒருவரும் உட்காரவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பட்டாசுக் கம்பெனியில் பெட்டி ஒட்டும் பிரிவில் என் பக்கத்தில் இருந்து வேலை பார்த்தவர். வெளி மாநில ஆர்டர்களைப் போனில் வாங்கும் ஆபீஸ் வேலைக்குப் போய்விட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அதற்கு இங்கிலீஷ் வேண்டும். சிவகாசியில் தெருவுக்குத் தெரு ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு முளைத்திருக்கும் காலம் இது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றில் சேர்ந்தார்.

அங்கே படித்ததை வேனில் உரக்கச் சொல்லிப் பார்ப்பார். “ஐ ஜாயின்ட் எ கோர்ஸ். ஐ ஆம் டேக்கிங் எ கோர்ஸ்.”

டிரைவர் சும்மா இருக்க மாட்டார். “டேக்குன்னா எடுக்குறதுல்லா? எடுத்து எங்கன வச்சிருக்கீக?”

“படிக்கிறதுக்கும் அப்படித்தாம்லே சொல்லணும். நீ ரோட்டப் பாத்து ஓட்டு.”

தீபாவளி சீசன் வந்தால் ஞாயிறும் வேலைதான். வகுப்பு பாதியில் நின்றுபோகும். “ஐ டிராப்ட் அவுட்” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். தீபாவளி கழிந்ததும் முதலிலிருந்து மறுபடி சேர்வார். இப்படியே சில வருஷங்கள் ஓடின.

ஒருமுறை ஆபீசுக்கு ஆள் எடுத்தார்கள். கோர்ஸ் முடித்தாயிற்றா என்று மேனேஜர் கேட்டார். இல்லை, படித்துக்கொண்டிருக்கிறேன் என்று இங்கிலீஷிலேயே சொல்லிவிட்டு வந்தார் அக்கா. வேலை வேறொருவருக்குப் போனது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“முடிச்சுட்டேன்னு சொன்னா குறைஞ்சா போயிருவீக?”

“‘ஐ கம்ப்ளீட்டட் தி கோர்ஸ்’னு எனக்குச் சொல்லத் தெரியாதாக்கும்? முடிச்ச அன்னைக்குச் சொல்லுவேன். அதுவரைக்கும் வச்சிருக்கேன்.”

இந்த வருஷம் மேஸ்திரியிடம் சண்டை போட்டு ஞாயிறு லீவு வாங்கினார். சீசனிலும் வகுப்பை விடவில்லை. கடைசி வகுப்பு நெருங்கும்போதுதான் இந்தக் காமாலை வந்து படுத்தார். அதை நினைத்தால் இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க அவருடைய கணவருடன் நானும் அச்சகத்துக்குப் போனேன். எங்கள் பக்கம் பெயரோடு படிப்பையும் போடுவது வழக்கம். “இங்கிலீஷ் கோர்ஸ் முடிச்சாச்சுன்னு போடச் சொல்லுங்கம்மா. அம்புட்டு ஆசைப்பட்டா” என்று அவர் என்னிடம் அழுதார். அச்சகக்காரர் எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தார். அதைப் பார்த்ததும் கணவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வேண்டாம். அவ சண்டைக்கு வருவா” என்றார்.

இப்போது அந்தப் போஸ்டர், அக்கா வேன் ஏறும் ஆமத்தூர் விலக்கில் ஒட்டியிருக்கிறது. ஏற ஆளில்லாவிட்டாலும் வேன் அங்கே நின்றுதான் போகிறது. பெயருக்குக் கீழே, ‘ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தவர்.’

அக்கா, நீங்கள் வைத்திருந்த வாக்கியத்தை நாங்கள் தொடவில்லை. போய் வாருங்கள்.