நகரியில் காணாமல் போன என் வீட்டுக்காரர்

போன வருஷம் புரட்டாசி பிறந்ததும் என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், "திருப்பதிக்கு நடந்து வர்றேன்னு வேண்டிக்கினேன். நீயும் வா." எதற்கு வேண்டிக்கொண்டார் என்று கேட்டேன். அதற்கு ரெண்டு வருஷம் முன்னால் எனக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்ததே, அதற்குத்தானாம். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றால், குழம்பு ஊற்றச் சொன்னார்.

எனக்கு நம்ப முடியவில்லை. ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, எங்கள் வீட்டு மூணாவது தறியில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது என்றுதான் பேசினார். அந்த மனுஷருக்குள் இப்படி ஒரு வேண்டுதல் இருந்திருக்கும் என்று யார் நினைப்பார்?

பொதட்டூர்பேட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்து திருத்தணி வந்தோம். மலையேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு இறங்கினால், அடிவாரத்தில் எங்கள் தெருக்காரர்கள் மஞ்சள் துணியில் தயாராக இருந்தார்கள். கூட்டிப் போகிறவர் என் அக்கா வீட்டுக்காரர். அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். வருஷா வருஷம் நடக்கிறவர். அரிசி மூட்டை, பாய், துணிமணி எல்லாம் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டார். வேட்டியில் வைக்க இடமில்லை என்று வீட்டுக்காரர் தன் போனை என் தோள்பையில் போட்டார்.

அந்த ரோட்டில் எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஆனாலும் அன்றைக்கு எனக்கு ஓர் இடமும் பிடிபடவில்லை. தமிழ்நாடு எங்கே முடிந்தது என்று பார்க்காமலேயே கடைப் பலகைகள் தெலுங்குக்கு மாறியிருந்தன. மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் நகரி மலையின் உச்சி ஒரு வளைவில் பக்கவாட்டில் தெரிந்தது, அடுத்த வளைவில் நேரெதிரே நின்றது. எவ்வளவு நடந்தும் கிட்ட வரவில்லை. எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கூட்டம் கூட்டமாக "கோவிந்தா" என்று கத்திக்கொண்டு போனார்கள். எனக்கு வாயைத் திறந்தால் "அரோகரா" என்றுதான் வந்தது. அக்கா சிரித்தாள். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. காலையிலிருந்தே அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது.

நகரியில் ஊர்க்காரர்கள் பந்தல் போட்டுப் புளிசாதமும் மோரும் கொடுத்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவப் போன மனுஷர் திரும்பி வரவில்லை.

பந்தல் முழுக்க மஞ்சள் வேட்டி. யாரைப் பார்த்தாலும் அவர் முதுகு மாதிரியே இருந்தது. ஒருத்தரைத் தோளில் தட்டியே விட்டேன். திரும்பினால் மீசை வைத்த வேறு யாரோ. பாவா போன் போட்டுப் பார்த்தார். அது என் பைக்குள்ளேயே அடித்தது.

"சகல முன்னாடி போயிகினு இருப்பாரும்மா. நீ வா" என்றார் பாவா.

"அவரு இன்னா கொழந்தையா? வந்துடுவாரு" என்றாள் அக்கா.

அவர்களோடு கொஞ்ச தூரம் போனேன். முன்னால் போகிறவர்களை எட்டிப் பிடித்துக் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. எனக்கு என்ன செய்வதென்றே புரியவில்லை. முன்னால் போயிருந்தால் ராத்திரி தங்குகிற புத்தூரில் கிடைப்பார். பின்னால் இருந்தால், நான் நடக்கிற ஒவ்வோர் அடியும் அவரைவிட்டு விலகுகிற அடி. கடைசியில் அக்காவிடம் சொல்லிவிட்டு நான் மட்டும் திரும்பினேன். எதிரே வந்தவர்கள் தெலுங்கிலும் தமிழிலும், "அம்மா, திருப்பதி அந்தப் பக்கம்" என்று கை காட்டிக்கொண்டே போனார்கள். எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு எதிர்ப்பக்கமாகவே நடந்தேன்.

நகரியைத் தாண்டி, திருத்தணி ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். குதிகாலில் கொப்புளம்.

"இன்னாங்க இது? இங்க உக்காந்துகினு இருக்கீங்க?"

"திருத்தணிக்குப் போறேன்."

"அங்கருந்துதானங்க காலைல கெளம்புனோம்?"

"ஆங்" என்றார். கொப்புளத்தைத் தடவிக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மேல முருகன் எதுக்க நின்னப்பவே சந்தேகம் வந்துடுச்சு" என்று ஆரம்பித்தார். "அன்னிக்கு உன்ன உள்ள தள்ளிகினு போனாங்க. நான் வராண்டால நின்னுகினு இருந்தேன். நடந்தே வர்றேன், அவள உட்டுடுன்னு சொன்னேன். சொன்னது நல்லா ஞாபகம் இருக்குது. யாரப் பாத்து சொன்னேன்னுதான் தெரியல."

"செவுத்துல எதுனா படம் மாட்டியிருந்தாங்களா?"

"பெருமாளும் இருந்தாரு. முருகனும் இருந்தாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முருகன்கிட்ட சொல்லியிருந்தா வீட்லருந்து திருத்தணிக்கு நடந்திருக்கணும். நாம பஸ்ஸுல வந்துட்டமே."

சிரிப்பதா, திட்டுவதா என்று எனக்கே தெரியவில்லை. பஸ்ஸில் வந்ததற்குப் பரிகாரமாக இந்த மனுஷர் திருத்தணிக்குப் போய், அங்கிருந்து எங்கே நடப்பார்? ஆனால் எனக்காக வராண்டாவில் ஒருத்தர் சாமி பெயர்கூட மறந்துபோகிற அளவுக்குப் பயந்திருக்கிறார். இரண்டு வருஷமாக அது எனக்குத் தெரியாது. அந்த இரண்டு வருஷமும் தறியைவிட நான் அவருக்கு ஒருபடி கீழே என்றே நினைத்திருந்தேன்.

"பொழச்சது நானு. அதனால நான் சொல்றேன்" என்றேன். "இப்ப பெருமாளப் போய் பாப்போம். அப்புறம் ஒரு நாள் வீட்லருந்து திருத்தணிக்கு நடப்போம்."

"தப்பாயிடாதா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எழுந்திருங்க."

முந்தானை ஓரத்தைக் கிழித்து அவர் குதிகாலில் கட்டினேன். நகரிக்குள் மறுபடி நுழைந்தபோது பந்தல்காரர்கள் எங்களைப் புது ஆட்கள் என்று நினைத்து மறுபடியும் மோர் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தோம். அதற்கப்புறம் அவர் என்னை விட்டு முன்னால் போகவில்லை. இரண்டு பக்கமும் மலை நெருங்கி வர வர, நிழல் ரோட்டின் மேல் விழுந்தது. வழியில் அவர் ஒரு தடவை, "ரொம்ப வலிச்சுதா அன்னிக்கு?" என்று கேட்டார். ஆபரேஷனைக் கேட்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. மயக்கத்தில் இருந்தேன், தெரியவில்லை என்றேன்.

புத்தூர் போய்ச் சேரும்போது விளக்குப் போட்டுவிட்டார்கள். பாவா மண்டபத்து வாசலிலேயே நின்றிருந்தார். என் வீட்டுக்காரர் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும், "சகல, சரியான ஊருக்குத்தான் வந்திருக்கீங்க. புத்தூர் எலும்புக்கட்டு போட்டுடலாமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எங்கே போனீர்கள் என்று அக்கா கேட்டதற்கு இவர் என் முகத்தைப் பார்த்தார். "கால் வலின்னு மரத்தடில உக்காந்துட்டாரு" என்று நானே சொல்லிவிட்டேன்.

உப்புமா சாப்பிட்டு முடிப்பதற்குள் அவர் பாயில் சாய்ந்து தூங்கிப்போனார். எனக்குக் காலெல்லாம் விண்விண் என்று தெறித்தது. யாரை நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் படுப்பது என்று தெரியாமல், கையை மட்டும் கூப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.