மாடியில் காயாத நெல்

எங்கள் காலனி வீட்டில் சூடு குறையும் என்று மாடித் தளத்துக்கு வெள்ளை பூச ஒருத்தர் வந்தார். ஒல்லியான ஆள். புருவத்தில் எப்போதும் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். ஏணியடியில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஏறுவார்.

அது சித்திரை மாசம். பிரசவத்துக்கு வந்த மகள் கைக்குழந்தையோடு இருந்தாள். பகலெல்லாம் தளம் வாங்கிய சூடு வீட்டுக்குள் இறங்கும். பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ஓயாமல் அழுதது. "வெள்ளிக்கிழமை மாமியார் வீட்டுக்கே போயிடறேம்பா" என்று மகள் பையைக் கட்டி வைத்துவிட்டாள்.

"செருப்பு போட்டுக்கிட்டு ஏறுங்க, கால் வெந்துடும்" என்றேன் அவரிடம்.

"வேலை முடிஞ்சுதான்னு கால்தாண்ணே எனக்குச் சொல்லணும்" என்றார்.

இரண்டு பூச்சு பூசிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார். மறுநாள் என் மனைவி வழக்கம்போல அவித்த நெல்லை மாடியில் பரப்பினாள். சாயந்திரம் வரை பாதிகூடக் காயவில்லை. கோபமாகப் போய் அவரைப் பிடித்துக்கொண்டாள். நானும் பின்னால் போனேன்.

"என்னத்தைங்க பூசுனீங்க? நெல்லு அப்படியே ஈரமா கெடக்கு!"

அவர் சிரித்துவிட்டார். "அப்போ தளம் சூடு வாங்கலை, வேலை நல்லாத்தான் ஆயிருக்குக்கா. நெல்லை ரோட்டுல காயப் போடுங்க. மாடியைப் பிள்ளைக்கு விடுங்க."

நாங்கள் திரும்பி வந்தபோது பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. மகள் பையைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் பேரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போதெல்லாம் உச்சி வெயிலில் நானும் செருப்பில்லாமல் மாடி ஏறிப் பார்க்கிறேன். நிற்க முடிகிறது.