எனக்கு சாக்ஸபோன் தெரியாது என்றேன்

லண்டன் பப்புகளில் சோல் ஜாஸ் இசையைச் சாக்ஸபோனில் வாசித்தே நான் வாழ்ந்தவன். வெம்பிளி மண்டபத்தில் தங்கை மகளுக்குக் கல்யாணம். நானே வாசிக்கிறேன் என்றேன்.

"வேண்டாம் அண்ணை. மாப்பிள்ளை பகுதி எங்களை மேளம் அடிக்கிற சாதி எண்டு நினைக்கும். வாசிக்க ஒரு வெள்ளைக்காரனைப் பிடிச்சிருக்கிறம்," என்றாள் தங்கை.

கல்யாணத்தன்று அந்த வெள்ளைக்காரர் சாக்ஸபோன் வாசித்துத்தான் மாப்பிள்ளையை அழைத்து வந்தார். சனம் கைதட்டியது. வாசித்து முடித்தவர் என்னைக் கண்டதும் ஓடி வந்தார். இவர் வாசிப்பதைக் கேட்டுத்தான் பழகினேன் என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி, சாக்ஸபோனை என்னிடம் நீட்டினார்.

சம்பந்தி திரும்பினார். "உங்களுக்கு உது வாசிக்கத் தெரியுமோ?"

தங்கை என்னையே பார்த்தாள்.

"இல்லை. ஆரோ எண்டு நினைச்சுக் கதைக்கிறார்," என்றேன்.

சாக்ஸபோனை நீட்டியவரின் முகம் செத்துப்போனது. பிறகு தங்கை தன் கையாலேயே எனக்குச் சோறு போட்டாள். நானும் சாப்பிட்டேன். அந்தச் சோற்றைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.