குவாரிக் குட்டை

எங்கள் காணியைக் கெடுத்தவர் குவாரி முதலாளிதான். மழைதான் கெடுத்தது என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிவது பொய்.

ஹாலிஎலைக்கு மேலே, தேயிலை முடிகிற இடத்தில் எங்கள் காணி இருக்கிறது. தோட்ட வேலையை விட்டபோது கிடைத்த பணத்தில் அப்பா வாங்கியது. எங்கள் குடும்பத்தில் சொந்தமாக மண் வைத்திருந்த முதல் ஆள் அவர். போஞ்சி, கோவா என்று மரக்கறி போட்டோம். அதற்கும் மேலே கல் குவாரி. அங்கிருந்து வருகிற சேற்றுத் தண்ணீர் நேராக ஓடையில் விழக்கூடாதாம். தேங்கி, சேறு அடியில் படிய ஒரு குட்டை வேண்டுமாம். அதை எங்கள் காணியின் மேல்மூலையில் வெட்டிக்கொள்ள முதலாளி கேட்டார். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் தன் ஆட்களே சேற்றை அள்ளுவார்கள் என்று எங்கள் வாசலில் நின்று சொன்னார்.

"தொர சொன்னா சரிங்க" என்றார் அப்பா. தோட்டத்தை விட்டு வந்தும் அந்த வாய்ப்பழக்கம் அவரை விடவில்லை.

முதல் வருஷம் அள்ளினார்கள். அடுத்த வருஷம் ஒருவரும் வரவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. குட்டையில் விளிம்புவரை சாம்பல் நிறச் சேறு. கரை உடைந்தால் கீழே பாத்திகள், அதற்குக் கீழே வீடு. அப்பா மண்வெட்டியை எடுத்தார்.

"அவனுங்க குட்டைய நீங்க ஏன் அள்ளுறீங்க?" என்று அம்மா கத்தினார்.

"ஒடஞ்சா சேறு அவன் வீட்டுக்குள்ளயா வரும், புள்ள?"

அம்மாவின் தம்பி வரம்பில் குந்திக்கொண்டு சிரித்தார். "என்னா மச்சான், காணிக்காரனாகியும் கான் வெட்டுற வேல போகலியா? நாளைக்கு காலையில பேரு கூப்புட்டு பெரட்டு வைக்கவா?"

சிரித்தவரே பிறகு சேற்றில் இறங்கினார். நானும் வாளி தூக்கினேன்.

தோட்டத்தில் வடிகாலைக் கான் என்போம். கானில் படிந்த மண்ணை அள்ளித் தேயிலைத் தூரில் போடுவார்கள். மேலிருந்து மழை கழுவிக்கொண்டு வந்த நல்ல மண் அது. காலமெல்லாம் அதையே செய்த அப்பாவின் கை, குவாரிச் சேற்றையும் வீணாக்காமல் போஞ்சிப் பாத்திகளில் பரப்பியது. "பாரு, மாவாட்டம் இருக்கு" என்று என் உள்ளங்கையிலும் கொஞ்சம் வைத்தார். அது மண் இல்லை, அரைத்த கல். வெயில் பட்டதும் பாத்தி சிமெந்துத் தரையாக இறுகியது. போஞ்சி மஞ்சளாகிச் செத்தது.

அதன் பிறகு முதலாளி வந்தார். வெறுமையாகக் கிடந்த குட்டையைப் பார்த்தார், பாத்தியைப் பார்க்கவில்லை. "அட, நீங்களே அள்ளிட்டீங்களே! கெட்டிக்காரர்தான் பெரியவரே" என்று அப்பாவின் தோளில் தட்டினார். எனக்கு ஒரு டொபி. அப்பாவுக்குச் செத்த போஞ்சி மறந்து முகம் மலர்ந்துவிட்டது. நானும் டொபியைச் சப்பிக்கொண்டு, எங்களைப்போல ஆள் உண்டா என்று நின்றேன். அம்மா மட்டும் உள்ளே போய்ப் பானையை டமாரென்று வைத்தார்.

அந்தக் கோபம் யார்மேல் என்று எனக்கு விளங்கவில்லை. தோளில் விழுந்தது பாராட்டு என்றே நினைத்தேன். அன்றைக்கு முதலாளி தன் வேலையை எங்கள் தலையில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அதன் பிறகு குவாரியில் கேட்கப் போன போதெல்லாம், "நீங்கதானே அள்ளுறது" என்றார்கள். அப்பா சாகும்வரை அள்ளினார். இப்போது நான் அள்ளுகிறேன். போன மழையில் கரை உடைந்து, இருந்த பாத்திகளும் சேற்றுக்குள் போயின. மழை கெடுத்ததாம், காணிக்காரி ஒழுங்காகப் பார்க்கவில்லையாம். முதலாளி சொல்கிறார்.

ஐயா, கோயில் திருவிழாவில் முன்னால் நின்று மாலை வாங்குகிறீர்களே, அதே இடத்தில், அதே சனத்துக்கு முன்னால் நின்று சொல்லுங்கள். குட்டையை அள்ளுவதாக எங்கள் வாசலில் வாக்குக் கொடுத்தீர்களா, இல்லையா?