புத்தர் பாறையில் பெண் பார்த்தது

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் பஜ்ஜி, சொஜ்ஜி தின்றுவிட்டுக் கை கழுவும்போது ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். "ஊட்டுக்குப் போயி சொல்லி அனுப்புறோம்." யாரும் சொல்லி அனுப்பியதில்லை. அதைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும். அக்காவுக்காக மட்டுமல்ல, எனக்காகவும்தான். அவளுக்கு ஆகாமல் எனக்கு ஆகாது. காக்களூரில் நான் வேலை பார்க்கிற இடத்தில் எனக்கென்று ஒருவர் காத்திருந்தார். அவர் பொறுமைசாலி. அவர் வீட்டார் அப்படி இல்லை.

பொதட்டூர்பேட்டையிலிருந்து புதிதாக ஒரு வரன் வந்தபோது அக்கா முடிவாகச் சொல்லிவிட்டாள். "இனிமே தட்டு தூக்கிக்கினு வந்து நிக்க மாட்டேன். வெளியில எங்கியாவது பாத்துக்கலாம்." கோயில் என்றால் தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடுவோம். கூடிவராமல் போனால் ஊரெல்லாம் பேச்சு. இடத்தையும் அவளே சொன்னாள்: ஆந்திர எல்லை தாண்டி ஒரு குன்று, பாறையில் செதுக்கிய பழைய புத்தர் சிற்பங்கள். அவளுடைய கும்மிடிப்பூண்டி கம்பெனிப் பெண்கள் ஒரு முறை போய் வந்த இடம். மாப்பிள்ளை வீட்டாரும் சரியென்றார்கள்.

எளாவூர் செக்போஸ்டில் லாரிகளுக்கு நடுவே எங்கள் வேன் மாட்டிக்கொண்டது. ராகு காலம் தொடங்குவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று அம்மா புலம்பினாள். நான் கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தேன்.

"கையி சும்மாவே இருக்காதாடி உனுக்கு?" என்றாள் அம்மா.

அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

குன்றின் மேல் பாறை முழுக்க வரிசையாகப் புத்தர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலருக்கு மூக்கில்லை, ஒருவருக்கு முகமே தேய்ந்துபோயிருந்தது. எங்களுக்கு முன்பே வந்திருந்த மாப்பிள்ளையைத்தான் நான் பார்த்தேன். வாட்டசாட்டமான ஆள், இஸ்திரி கலையாத சட்டை. செல்போனில் பாறையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பேச்செல்லாம் அவருடைய அம்மாவுடையது. அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இது இன்னா சாமி?" என்று காவலாளியைக் கேட்டார்.

"புத்தரும்மா. பொண்டாட்டி புள்ளைய உட்டுட்டு ராத்திரியோட ராத்திரியா போயிட்ட ராஜா."

அந்த அம்மாளின் முகம் சுண்டிவிட்டது. "நல்ல காரியம் பேச வந்த எடத்துல இன்னா சகுனம் இது? வேற எடமே கெடைக்கலியா?"

"சாமிதானேம்மா, ஒண்ணும் பண்ணாது" என்று என் அம்மா சமாளித்தாள். இதுவும் போச்சு என்று நினைத்துக்கொண்டு பாறைக்கும் படிக்கும் நடந்தேன்.

அக்கா நேராக மாப்பிள்ளையிடம் போனாள். "நீங்க இன்னா சொல்றீங்க? இது கெட்ட சகுனமா?"

அவர் செல்போனை இறக்கிவிட்டுத் தன் அம்மாவைப் பார்த்தார். "அம்மா சொல்றதுதாங்க."

"சரி, இந்தச் செலைங்க உங்களுக்குப் புடிச்சிருக்கா?"

அதற்கும் அம்மாவைத்தான் பார்த்தார்.

பிறகு நிழலில் உட்கார்ந்து, நாங்கள் கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைச் சாப்பிட்டோம். வயிறு நிறைந்ததும் அந்த அம்மாளின் மனம் இளகியது. "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. ஊட்டுக்குப் போயி ஒரு தேங்கா சுத்தி ஒடச்சா தோஷமெல்லாம் போயிடும். எங்களுக்குப் புடிச்சிருக்கு" என்றார்.

என் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. காக்களூர்க்காரருக்கு அனுப்பக் கைபேசியில் 'முடிஞ்சுது' என்று அடித்தேவிட்டேன்.

அக்கா பாட்டில் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "ஊட்டுக்குப் போயி சொல்லி அனுப்புறோம்" என்றாள்.

காலங்காலமாக அதைச் சொல்லிப் பழகியவர்களுக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை. நான் அடித்ததை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.

வேனில் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். அக்காவை ஓங்கி ஓர் அறை விடலாம் போல எனக்கு ஆத்திரம். எளாவூரில் மறுபடியும் லாரிகள். அக்கா தூங்கிப்போய் என் தோளில் சாய்ந்தாள். அவள் கன்னம் ஈரமாக இருந்தது. கண்ணாடியை இறக்கப் போன கையை மடியில் வைத்துக்கொண்டு, வீடு வரும்வரை நான் அசையவில்லை.