கடைசிப் பத்து நிமிடம்

எங்கள் ஊரான தெப்ராவில் நான் வழக்கமாகப் போகும் தியேட்டரில் ஓர் அக்கா துப்புரவு வேலை செய்கிறார். நீலச் சீருடை, நெற்றியில் விபூதி, கையில் குப்பைப் பை. படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே உள்ளே வந்து கதவோரம் நிற்பார். அதனால் எல்லாப் படத்திலும் முடிவை மட்டும் பார்த்தவர் அவர்.

நானோ கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை எழுந்திருக்க மாட்டேன். பேஸ்புக்கில் விமர்சனம் எழுதுகிறவன் அல்லவா, அந்தக் கெத்து! அன்று ஒரு கொலைப் படம். சின்ன ஊர், ஆளுக்கொரு ரகசியம், திரை முழுக்க இருட்டு. நான் எழுந்திருக்கக் காத்திருந்த அக்கா கேட்டார்:

"தம்பி, அந்த வாத்தியாரு யாரக் கொன்னாரு? பாத்தா பாவமா இருக்காரே."

கேட்டதுதான் தாமதம், ஒளிப்பதிவு உட்பட எல்லாவற்றையும் விளக்கினேன். "ஊர்ல எல்லாருக்கும் தெரியும்க்கா, யாரும் வாயத் தொறக்கல" என்று முடித்தேன்.

நான் சிந்திய பாப்கார்னைக் கூட்டிக்கொண்டே அக்கா சொன்னார்:

"எல்லாருக்கும் தெரிஞ்சா அது என்னா ரகசியம் லா? அவர மட்டும் பிடிச்சிட்டுப் போறாங்க. சும்மா இருந்தவங்கள?"

காலைத் தூக்கிக்கொண்டேன், அவர் கூட்டுவதற்கு வசதியாக.

அந்தக் கேள்வியை என்னுடையதாகவே விமர்சனத்தில் எழுதினேன். நான் எழுதியதிலேயே அதிகம் பாராட்டு வாங்கியது அதுதான். "எப்படிண்ணே இப்படி யோசிக்கிறீங்க?" என்று கேட்டவர்களிடம் அடக்கமாகச் சிரித்து வைத்தேன்.

இப்போதெல்லாம் அக்கா உள்ளே வருமுன்பே தியேட்டரிலிருந்து நழுவிவிடுகிறேன். கொலைகாரன் யாரென்று வேறு யாரிடமாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்.