தலைவர் சொல்லாத வார்த்தை

சிக்கந்தர் அண்ணன் காலமானார் என்ற கடிதம் சுங்கைப்பட்டாணியிலிருந்து வந்து சேர்ந்தபோது, அடக்கம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அவருடைய சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து கதைகளைப் பற்றி அவரோடு வாதாடியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்து, ரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர் சங்கம் தலையெடுத்த சமயம். அண்ணன் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிவந்தார். நான் அங்கே பிழை திருத்துபவன். பிள்ளை பெற்றவளை நாற்பது நாளைக்குள் பால்மரம் வெட்டிப் பாலெடுக்க அனுப்பக் கூடாது என்று கதையில் யாராவது துரையிடம் சொல்ல வேண்டும். "சாப்பாட்டுக் கடைக்காரர் கருத்துன்னா யாரு கேப்பா? தலைவர் வாயில வைங்கண்ணே," என்றேன். வைத்தார், சங்கத் தலைவரின் சொந்தப் பெயரோடு. நிஜத்தில் தலைவர் அப்படிப் பேசியதே இல்லை.

புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் அந்த அத்தியாயத்தைத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் ஒருவர் உரக்கப் படித்திருக்கிறார். கேட்டவர்களில் செல்லம்மா நிறைமாதக்காரி. பிள்ளை பெற்ற பன்னிரண்டாம் நாள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவளை வேலைக்குக் கூப்பிட்டபோது, அவள் நேரே துரையிடம் போய், "நாப்பது நாளு ஆவட்டுங்க. எங்க தலைவரே சொல்லியிருக்காரு," என்றாள். அந்த வாரமே குடும்பத்தைத் தோட்டத்தைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

கைக்குழந்தையோடு அவளும் கணவனும் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தபோது நானும் இருந்தேன். "தலைவர் எங்க இருப்பாருன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?" என்று மட்டும் கேட்டாள். அண்ணன் அவர்களுக்குச் சோறு போட்டார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, தலைவர் இருந்த அலோர் ஸ்டாருக்கு பஸ் ஏறினார்.

"நான் எப்பய்யா இதைச் சொன்னேன்?" என்றார் தலைவர்.

"நீங்க சொல்லல. நான்தான் சொல்ல வச்சேன். இப்ப நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்தப் பொண்ணுக்கு வேலை திரும்பக் கிடைக்கும்."

"உங்க கருத்தைச் சொல்ல என் பேருதான் கிடைச்சுதா?"

தலைவர் எழுந்து உள்ளே போய்விட்டார். யோசனை என்னுடையது என்று அண்ணன் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. "அவரு கோபம் நியாயம்தான் தம்பி," என்றார் திரும்பும் வழியில்.

அடுத்த இதழில் அத்தியாயத்துக்கு மேலே, "முன்னொரு அத்தியாயத்தில் தலைவர் பேசியதாக எழுதியது என் அபிப்பிராயம், அவர் அப்படிப் பேசவில்லை" என்று போட்டார். ஆசிரியர் தொடரையே நிறுத்திவிட்டார். செல்லம்மாவுக்குத் தோட்டத்து வேலை திரும்பக் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் அண்ணனின் கடையில் வேலை பார்த்துவிட்டு, அவளும் கணவனும் பெண்டாங்கில் பலகாரக் கடை போட்டார்கள்.

பின்னாளில் அவர் அந்தத் தொடரை எழுதி முடித்து, நாவல் புத்தகமானபோது அச்சுப்படியை என்னிடம்தான் கொடுத்தார். துரைக்கு முன்னால் தலைவர் இல்லை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி நின்று பேசினாள்.

"நெசமா சொன்னவ இவதானே," என்றார் அண்ணன். "நான் ஏன் பெரிய ஆளாத் தேடினேன்?"

பிறகு நானும் சில கதைகள் எழுதினேன். அவற்றில் பெயர் பெற்ற மனிதர் யாராவது பேசத் தொடங்கினால், இது யாருடைய பேச்சு என்று ஒரு நிமிடம் நின்று பார்ப்பேன். சில பக்கங்களை அடித்ததும் உண்டு. அந்தத் தயக்கம்தான் அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது.